குதிகால் வலி: அறிகுறியைப் பார்த்து வீட்டில் செய்ய வேண்டியவை

குதிகால் வலிக்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். செங்கல் ஒத்தடம் கொடு என்பார் ஒருவர். யூரிக் ஆசிட் பாரு என்பார் இன்னொருவர். எலும்பு வளர்ந்திருக்கும், எக்ஸ்ரே எடுத்துவிடு என்று மூன்றாமவர். பாதத்தில் எந்த இடம் வலிக்கிறது, எந்த நேரத்தில் வலிக்கிறது என்று மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதை முடிவு செய்வதே அந்த இரண்டு விவரங்கள்தான். அதனால் இதை அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வலி எந்தத் தலைப்பில் வருகிறதோ அங்கே தாவிவிடலாம். முதல் இரண்டு பகுதிகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

வலிக்கிற இடத்தில் என்ன இருக்கிறது

குதிகால் எலும்பின் அடியில் தொடங்கி, விரல்களின் வேர் வரை விரிந்து செல்கிற தடித்த நார்ப்பட்டை ஒன்று உள்ளங்காலில் இருக்கிறது. பிளான்டார் ஃபேசியா என்பது அதன் மருத்துவப் பெயர். பாத வளைவு சரிந்துவிடாமல் இழுத்துப் பிடிப்பது இதன் வேலை. நடக்கும்போது குதிகால் மேலே எழும்பி விரல்கள் மடங்குகிற கணத்தில், கிணற்று உருளையில் கயிறு சுற்றுவதுபோல இந்தப் பட்டை விரல் மூட்டைச் சுற்றி இழுபட்டு வளைவை உயர்த்துகிறது. ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1954-ல் இதை விளக்கி எழுதினார். ஒவ்வொரு அடிக்கும் இந்த இழுப்பு உண்டு. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் அடி வைக்கிறோம் என்று யோசித்தால், பட்டையின் வேர்ப்பகுதி ஏன் நைந்துபோகிறது என்பது புரியும்.

ஆமாம், நைந்துபோகிறது என்றுதான் சொல்ல வேண்டும். பிளான்டார் ஃபேசியைடிஸ் என்ற பெயரைக் கேட்டால் அழற்சி, வீக்கம் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் அறுவை சிகிச்சையில் எடுத்த 50 பேரின் திசுக்களை ஆராய்ந்து 2003-ல் வெளியான ஆய்வில், அழற்சிக்கான அடையாளத்தைவிட நார்கள் சிதைந்து தேய்ந்ததற்கான அடையாளமே தெரிந்தது. நீண்ட நாள் வலிக்கு மாத்திரையும் ஐஸும் மட்டும் போதாமல் போவதற்குக் காரணம் இதுதான். அவை வலியை மட்டுப்படுத்தும். நைந்த நாருக்கு வேண்டியது, கொஞ்ச காலம் சுமைக் குறைப்பு, அப்புறம் படிப்படியாகச் சுமையேற்றிப் பழக்குதல். கீழே சொல்லப்போவது எல்லாமே இந்த இரண்டில் ஒன்றுதான்.

உங்களுக்கு இருப்பது இதுதானா என்று பார்க்க ஒரு எளிய சோதனை. உட்கார்ந்து, வலிக்கிற காலைத் தூக்கி மற்ற தொடையின் மீது வையுங்கள். ஒரு கையால் கால் கட்டைவிரலை மேல்நோக்கி வளையுங்கள். மறுகையின் பெருவிரலால், குதிகாலின் அடியில் உட்பக்கமாக, வளைவு தொடங்கும் விளிம்பில் அழுத்துங்கள். அந்த ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தால், பெரும்பாலும் இதுதான்.

வீட்டு வைத்தியத்தைத் தொடங்கக் கூடாதவர்கள்

குதிக்கும்போதோ ஓடும்போதோ உள்ளங்காலில் ஏதோ அறுந்தது மாதிரி உணர்ந்து, பிறகு நீலம் பாரித்து வீங்கினால் பட்டை கிழிந்திருக்கலாம். குதிகாலை இரண்டு பக்கமும் உள்ளங்கைகளால் சேர்த்து அழுத்தும்போது உயிர் போகிறது, காலை ஊன்றவே முடியவில்லை என்றால் எலும்பில் விரிசல் இருக்கலாம். அதுவும், திடீரென்று நடையையோ ஓட்டத்தையோ கூட்டியவர்கள், எலும்பு பலவீனமான வயதானவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது. சிவந்து சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தால் கிருமித் தொற்று. காலுக்கு ஓய்வு கொடுத்துப் படுத்திருக்கும்போதும் விடாமல் வலித்து, தூக்கத்தைக் கெடுத்தாலும் அது வழக்கமான குதிகால் வலி அல்ல. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள், பாதத்தில் புண் இருப்பவர்கள் எதைச் செய்வதற்கு முன்னும் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

காலையில் முதல் அடி வைத்தால் உயிர் போகிறது, கொஞ்சம் நடந்ததும் அடங்குகிறது

இதுதான் இந்த நோயின் கையெழுத்து. தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து கிடக்கிறது. கெண்டைக்கால் தசையும் உள்ளங்கால் பட்டையும் ஆறேழு மணி நேரம் சுருங்கிய நிலையிலேயே இருக்கின்றன. எழுந்து ஊன்றுகிற முதல் அடி, அவற்றை உடல் எடை முழுவதையும் போட்டு ஒரே வீச்சில் இழுக்கிறது. ஆகவே செய்ய வேண்டியதும் வெளிப்படை: அந்த இழுப்பை எடை ஏறுவதற்கு முன்பே, கையால், மெதுவாகச் செய்துவிட வேண்டும்.

கட்டிலில் உட்கார்ந்தபடியே வலிக்கிற காலை மற்ற தொடையின் மீது போடுங்கள். விரல்கள் ஐந்தையும் அடிப்பக்கமாகச் சேர்த்துப் பிடித்து, முழங்கால் இருக்கும் திசையில் இழுங்கள். மறுகையால் உள்ளங்காலைத் தடவிப் பார்த்தால் பட்டை விறைத்து நிற்பது தெரிய வேண்டும்; தெரியவில்லையென்றால் இழுப்பு போதவில்லை. பத்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள். இப்படிப் பத்து முறை. ஒரு நாளில் மூன்று வேளை; அதில் முதல் வேளை கண்டிப்பாகத் தரையில் கால் படும் முன். அமெரிக்காவில் 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், நீண்ட நாள் வலி உள்ளவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து 8 வாரம் பார்த்தார்கள். கெண்டைக்காலை மட்டும் நீட்டியவர்களைவிட இந்தப் பயிற்சியைச் செய்தவர்களுக்குக் காலை வலி நன்றாகக் குறைந்தது.

காலைத் தூக்கித் தொடையில் போட முடியாத உடல்வாகு என்றால், காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு துண்டை விரல்களுக்கு அடியில் கொடுத்து இரு முனைகளையும் தன்பக்கம் இழுத்தால் போதும். பாயில் படுப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. தரையிலிருந்து எழும்போது முன்பாதத்தை மடக்கி ஊன்றித்தான் எழ வேண்டியிருக்கும்; பட்டை அதிகமாக இழுபடுகிற நிலையே அதுதான். முதலில் உட்கார்ந்து பயிற்சியை முடித்துவிட்டு, சுவரையோ நாற்காலியையோ பிடித்து, வலியில்லாத காலில் எடையைப் போட்டு எழுங்கள்.

அடுத்தது செருப்பு. கட்டிலை ஒட்டி ஒரு ஜோடி மெத்தென்ற செருப்பு தயாராக இருக்க வேண்டும். நம் வீடுகளில் செருப்பு வாசலோடு சரி. எழுந்ததும் வெறுங்காலோடு டைல்ஸ் தரையில் குளியலறைக்கு, அங்கிருந்து சமையலறைக்கு, வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவர்கள் என்றால் சிமென்ட் தரைக்கு என்று, கால் விறைப்பாக இருக்கும் நேரத்திலேயே கெட்டியான தரையில் அதிக அடிகள் விழுகின்றன. வெளியே போடாத, வீட்டுக்கென்றே வைத்த செருப்பில் ஆசாரக் குறைவு ஒன்றுமில்லை. வலி தீரும் வரை பூஜை அறை வாசலில் மட்டும் கழற்றிக்கொள்ளலாம். ஈரத் தரையில் வழுக்காத அடிப்பாகம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வயதானவர்கள் குதிகால் வலிக்குச் செருப்பு போடப்போய் இடுப்பு எலும்பை முறித்துக்கொள்ளக் கூடாது.

பயிற்சியைச் சில வாரம் ஒழுங்காகச் செய்தும் காலை வலி அசையவில்லையென்றால், இரவில் பாதத்தை நேராக நிறுத்தி வைக்கும் நைட் ஸ்ப்ளின்ட் என்ற கட்டு எலும்பு மருத்துவச் சாதனக் கடைகளில் கிடைக்கும். பலன் உண்டு. ஆனால் நடுராத்திரியில் எரிச்சலோடு கழற்றி எறிபவர்கள்தான் அதிகம், நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். மாதக்கணக்காகக் காலை வலி நீடிப்பவர்களுக்கு மட்டும் அந்தச் செலவு தகும்.

உட்கார்ந்து எழுந்தால் மீண்டும் அதே வலி

பஸ்ஸில் இரண்டு மணி நேரம், அலுவலக நாற்காலியில் அரை நாள், சினிமா முடிந்து எழும்போது. காரணம் மேலே சொன்னதேதான், அளவுதான் சின்னது. எழுவதற்கு முன் செருப்புக்குள்ளேயே விரல்களை மேல்நோக்கி வளைத்து, கணுக்காலை இருபது முப்பது தடவை மேலும் கீழும் ஆட்டிவிட்டு எழுந்தால் போதும். யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது.

காலையில் பரவாயில்லை, நின்று நின்று சாயங்காலம் வலிக்கிறது

சமையலறை, வகுப்பறை, ஜவுளிக் கடை, போக்குவரத்துச் சிக்னல். இங்கே குற்றவாளி பட்டை சுருங்கியது அல்ல, மொத்தச் சுமை. நாள் முழுக்க நிற்கும் வேலை, உடல் பருமன், கணுக்கால் சரியாக மடங்காமை ஆகிய மூன்றும் இந்த நோயின் அபாயக் காரணிகள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கர்ப்ப காலத்திலும் எடை கூடுவதால் இது வரும்.

நிற்பதைக் குறைக்க முடியுமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். முடியாது என்று பலர் சொல்வார்கள். ஆனால் கடை ஊழியர்களுக்கு ஒரு சட்டம் துணைக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை வசதி தர வேண்டும் என்பது கட்டாயமானது. கேரளம் 2018-லேயே செய்துவிட்டது. வாடிக்கையாளர் இல்லாத ஐந்து நிமிடம் உட்காருவது உங்கள் உரிமை. குதிகாலுக்கு அது மருந்தும்கூட. வீட்டில், காய் நறுக்குவதையும் மாவு பிசைவதையும் உட்கார்ந்து செய்யலாம். அடுப்பு மேடைக்கு முன்னால் தடித்த ரப்பர் விரிப்பு ஒன்று போட்டால் நல்ல வித்தியாசம் தெரியும்.

அப்புறம் செருப்பு. இதில் விலையைவிட அமைப்புதான் முக்கியம். கடையில் செருப்பைக் கையில் எடுத்து இரு முனையையும் பிடித்து வளையுங்கள். விரல்கள் வரும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் வளையக் கூடாது. நடுவில் அப்பளமாக மடங்குகிற செருப்பு வளைவைத் தாங்காது. துணி பிழிவதுபோல முறுக்கினால் கொஞ்சம் எதிர்ப்பு இருக்க வேண்டும். குதிகால் பகுதி முன்பகுதியைவிடச் சற்று உயரமாக, இரண்டு செ.மீ. போல, இருப்பது நல்லது; முழுத் தட்டையும் வேண்டாம், ஹை ஹீல்ஸும் வேண்டாம். பின்பட்டை வைத்த சாண்டல் என்றால் இன்னும் நல்லது. தட்டையான ஹவாய் செருப்பில் அது கழன்றுவிடாமல் இருக்க ஒவ்வொரு அடிக்கும் விரல்களால் கவ்விப் பிடிக்க வேண்டியிருக்கும். எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டால் மருந்துக் கடைகளிலும் செருப்புக் கடைகளிலும் கிடைக்கும். மெத்தென்ற ரப்பர், வீட்டுக்கு நன்று. ஆனால் அது அமுங்கித் தட்டையானதும் மாற்றிவிட வேண்டும். ஷூ போடுபவர்கள் உள்ளே சிலிக்கான் குதிகால் மெத்தை வைத்துக்கொள்ளலாம். ஒரு காலில் மட்டும் வைத்தால் உயரம் மாறி இடுப்பு வலிக்கும், இரண்டிலும் வையுங்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்து அளவெடுத்துச் செய்கிற இன்சோலை முதல் வேலையாக வாங்க வேண்டியதில்லை. கடையில் கிடைக்கும் சாதாரண வளைவுத் தாங்கியே பெரும்பாலோருக்குப் போதும்.

நாலைந்து வாரம் இழுத்துப் பயிற்சி செய்தும் வலி பாதியில் நிற்கிறது

பலர் இங்கேதான் சலித்துப்போய் ஊசிக்குப் போகிறார்கள். இழுப்புப் பயிற்சி விறைப்பைத் தளர்த்தும். நாருக்குப் பலம் கொடுக்காது. பலத்துக்கு வேறு பயிற்சி வேண்டும். அதிகம் பேருக்குத் தெரியாத, என் கணிப்பில் மிகவும் பயனுள்ள பகுதி இதுதான்.

மாடிப்படியின் கீழ்ப்படி ஒன்று போதும். ஒரு துண்டைச் சுருட்டிப் படியின் விளிம்பில் வைத்து, விரல்கள் மட்டும் அந்தச் சுருளின் மீது ஏறி மேல்நோக்கி வளைந்திருக்கும்படி முன்பாதத்தை ஊன்றுங்கள். குதிகால் படிக்கு வெளியே இருக்க வேண்டும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்று எண்ணும் நேரத்தில் குதிகாலை மேலே தூக்குங்கள். உச்சியில் இரண்டு எண்ணும் வரை நில்லுங்கள். மூன்று எண்ணும் நேரத்தில் மெதுவாக இறக்குங்கள். அவசரமாகச் செய்தால் பலன் போய்விடும். விரல்கள் வளைந்திருப்பதால் கெண்டைக்கால் தசையோடு உள்ளங்கால் பட்டையும் சேர்ந்து சுமை தாங்குகிறது. துண்டு வைப்பதன் ரகசியம் அதுதான்.

வலிக்கிற ஒற்றைக் காலில் 12 முறை, இப்படி மூன்று சுற்று. ஒற்றைக் காலில் முடியாதவர்கள் இரண்டு காலிலும் தொடங்கி, பலம் வந்ததும் மாறலாம். ஒருநாள் விட்டு ஒருநாள்தான். தினமும் செய்யக் கூடாது, இடைநாளில்தான் திசு தேறும். இரண்டு வாரம் கழித்து முதுகுப் பையில் புத்தகங்களைப் போட்டு மாட்டிக்கொண்டு 10 முறை, நான்கு சுற்று. இன்னும் இரண்டு வாரம் கழித்து எடையைக் கூட்டி 8 முறை, ஐந்து சுற்று. டென்மார்க்கில் 48 பேரை வைத்துச் செய்து 2014-ல் வெளியிட்ட ஆய்வின் திட்டம் இது. மூன்று மாதத்தில் இதைச் செய்தவர்கள் இழுப்புப் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இரண்டு குழுவும் ஏறக்குறைய சமம். அதாவது இது மந்திரம் அல்ல, சீக்கிரம் கரையேற்றும் வழி.

செய்யும்போது லேசாக வலிக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். பத்துக்கு மூன்று நான்கு என்ற அளவுக்குள் இருந்து, மறுநாள் காலை முதல் அடி வலி வழக்கத்தைவிடக் கூடாமல் இருந்தால் சரி. மறுநாள் கூடினால் எடையைக் குறையுங்கள், பயிற்சியை விட்டுவிட வேண்டாம்.

கணுக்கால் மடங்குகிறதா என்பதையும் இத்தோடு பார்த்துவிடுங்கள். சுவரைப் பார்த்து நின்று, கட்டைவிரல் நுனி சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருக்கும்படி பாதத்தை வைத்து, குதிகால் எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொட முடிகிறதா? முடியவில்லை, அல்லது வலிக்கிற காலில் மட்டும் முடியவில்லை என்றால் கெண்டைக்கால் இறுகிக் கிடக்கிறது. சுவரில் கை ஊன்றி, வலிக்கிற காலைப் பின்னால் வைத்து, குதிகாலைத் தரையில் அழுத்தியபடி 30 விநாடி. முழங்காலை நீட்டி மூன்று முறை, லேசாக மடக்கி மூன்று முறை.

குதிகாலில் இல்லை, நடு வளைவில் வலிக்கிறது

பட்டை ஒன்றுதான், இழுபடும் இடம் மாறியிருக்கிறது. தட்டைப்பாதம் உள்ளவர்களுக்கும் வளைவு மிக உயர்ந்தவர்களுக்கும் இப்படி வரலாம். மேலே சொன்ன இழுப்புப் பயிற்சியும் வளைவைத் தாங்கும் செருப்பும் இங்கேயும் பொருந்தும். கூடவே, உட்கார்ந்த நிலையில் ஒரு டென்னிஸ் பந்தைக் காலடியில் போட்டு, வளைவின் நீளத்துக்கு மெதுவாக உருட்டுங்கள், இரண்டு மூன்று நிமிடம். நின்றுகொண்டு முழு எடையையும் பந்தின் மீது போட்டு நசுக்குவது வேண்டாம்.

உள்ளங்கால் தசைகளுக்கு ஒரு பயிற்சி: பாதத்தைத் தரையில் முழுதாகப் பதித்து, விரல்களைச் சுருட்டாமல், முன்பாதத்தைக் குதிகால் பக்கம் இழுத்து வளைவை மட்டும் தூக்கப் பாருங்கள். முதலில் ஒன்றுமே நடக்காது. சில நாளில் தசை புரிந்துகொள்ளும்.

வளைவில் பட்டாணி அளவில் நகராத கட்டி ஒன்று கையில் தட்டுப்பட்டால், பெரும்பாலும் அது பட்டையிலேயே வளர்கிற சாதுவான நார்க்கட்டி. பந்தைப் போட்டு அதை நசுக்காதீர்கள், ஒருமுறை காட்டிவிடுங்கள். கணுக்காலின் உட்பக்கம் வீங்கி, வளைவு நாளாக நாளாகச் சரிந்து, ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கவே முடியவில்லை என்றால் வளைவைத் தாங்கும் தசைநார் பழுது. அது வீட்டில் தீராது.

எரிச்சல், மதமதப்பு, ஊசி ஊசியாகக் குத்துதல்

இது பட்டையின் குரல் அல்ல, நரம்பின் குரல். ஒரு காலில் மட்டும், கணுக்காலின் உட்பக்கம் தட்டினால் உள்ளங்காலுக்கு மின்சாரம் ஓடுவது போல இருந்தால் அங்கே நரம்பு நெருக்குப்படுகிறது. இடுப்பிலிருந்து கால் வழியாக இறங்கி வந்தால் முதுகெலும்பைப் பார்க்க வேண்டும். இரண்டு பாதமும் எரிந்தால், முக்கியமாக இரவில், சர்க்கரை அளவைப் பாருங்கள். சர்க்கரை இருப்பதே தெரியாமல், பாத எரிச்சலுக்குத் தைலம் தடவிக்கொண்டு வருடங்களை ஓட்டுபவர்கள் நம்மிடையே நிறைய.

குதிகாலின் நட்டநடுவில், வெறுங்காலில் நடந்தால் கல் மேல் நடப்பதுபோல வலி

காலையைவிடக் கெட்டித் தரையில் வெறுங்காலில் நடக்கும்போது அதிகம், கால் கட்டைவிரலை வளைத்தால் கூடுவதில்லை என்றால் பட்டையை விட்டுவிடுங்கள். குதிகாலுக்கு அடியில் இயற்கை வைத்த கொழுப்பு மெத்தை வயதாக ஆக மெலிகிறது. இதற்கு இழுப்புப் பயிற்சி ஒன்றும் செய்யாது. குழிவான குதிகால் கிண்ணம் வைத்த மெத்தென்ற செருப்புதான் வழி. வெறுங்கால் நடைப்பயிற்சி நல்லது என்று எங்கோ கேட்டுவிட்டுத் தொடங்கியவர்கள், தயவுசெய்து நிறுத்துங்கள்.

பாதயாத்திரை, கிரிவலம் போய்வந்த பிறகு வந்த வலி

திருவண்ணாமலை கிரிவலப் பாதை சுமார் 14 கி.மீ. மற்ற நாளில் வாசல் வரைகூட நடக்காதவர் பௌர்ணமியன்று அதை வெறுங்காலில் சுற்றினால் பட்டை முறையிடத்தான் செய்யும். சபரிமலைக்கு மாலை போட்டு விரத நாட்களில் செருப்பைத் துறந்தவர்களுக்கும், பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கும் இதே கதை. புதிதாக வந்த வலி என்பதால் சீக்கிரம் அடங்கும் வாய்ப்பு அதிகம். ஒரு வாரம் பத்து நாள் நடையைக் குறைத்து, நல்ல செருப்பு போட்டு, மாலையில் ஐஸ் வையுங்கள். அடுத்த முறை போவதாக இருந்தால் ஒன்றிரண்டு மாதம் முன்பே நடையைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பழகிக்கொள்ளுங்கள். மெல்லிய துணி சாக்ஸாவது போடலாமா என்று குருசாமியிடம் கேட்டுப் பார்ப்பதிலும் தப்பில்லை.

ஐஸ் வைப்பது எப்படி என்றால், தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் வைத்து உறைய விட்டு, மெல்லிய துண்டு சுற்றி, உட்கார்ந்தபடி பாதத்தின் அடியில் 10 முதல் 15 நிமிடம் உருட்டினால் போதும். பாத உணர்வு குறைந்தவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.

செங்கல் ஒத்தடம், எருக்கிலை

செங்கல்லைச் சூடாக்கி, அதன்மேல் எருக்கிலையை அடுக்கி, குதிகாலை வைத்து வைத்து எடுப்பது நம் ஊரில் பாட்டி காலத்து வழக்கம். சூடு இதமாக இருக்கும், இறுக்கம் தளரும், ராத்திரி தூக்கம் வரும். அந்த அளவில் எனக்கு அதன்மேல் பகையில்லை. நைந்த நாரை அது சரிசெய்யும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு எச்சரிக்கைகள். சர்க்கரை நோயால் பாத உணர்வு குறைந்தவர்களுக்குச் சூடு உறைக்காது. செங்கல்லில் பாதம் வெந்துபோனபின்தான் தெரியும், அந்தப் புண் காலையே காவு கேட்கும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படலாம். இலையைப் பறித்த கையை நன்றாகக் கழுவுங்கள். இதே இதம் வெந்நீரில் காலை ஊற வைத்தாலும் கிடைக்கும்.

எக்ஸ்ரேயில் எலும்பு வளர்ந்திருக்கிறது என்கிறார்கள்

பயப்பட ஒன்றுமில்லை. குதிகால் முள் என்று சொல்லப்படுகிற அந்த எலும்புத் துருத்தல், வலியே இல்லாத எத்தனையோ பேரின் எக்ஸ்ரேயிலும் இருக்கிறது. வலி தீர்ந்தவர்களுக்கும் முள் அப்படியே இருக்கும். அதைக் கரைக்கும் மருந்து என்று விற்கப்படும் எதற்கும் காசு செலவழிக்காதீர்கள். யூரிக் ஆசிட் விஷயமும் ஏறக்குறைய இதேதான். யூரிக் ஆசிட் கூடுவதால் வரும் கீல்வாதம் (கவுட்) பெரும்பாலும் கால் கட்டைவிரல் மூட்டில், சிவந்து வீங்கி, போர்வை பட்டால்கூடத் துடிக்கும் வலியாக வரும்.

குதிகாலின் பின்பக்கம் வலி, இரண்டு குதிகாலும் வலி, பிள்ளைக்கு வலி

பின்பக்கம், செருப்புப் பட்டை உரசும் இடத்தில் என்றால் அது கெண்டைக்கால் தசைநார் எலும்பில் சேரும் இடம். குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கும் பயிற்சி அங்கே வலியைக் கூட்டும். தரைமட்டத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நாற்பது வயதுக்குள் இருப்பவர், இரண்டு குதிகாலும் வலிக்கிறது, காலையில் இடுப்பு அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்து நடமாடினால் சரியாகிறது என்றால் முடக்குவாத மருத்துவரைப் பாருங்கள். முதுகெலும்பைத் தாக்கும் ஒருவகை வாதம் குதிகாலில் தலைகாட்டுவது உண்டு.

எட்டு முதல் பதினான்கு வயதுப் பிள்ளை விளையாடிவிட்டு வந்து குதிகால் வலிக்கிறது என்றால், வளரும் எலும்பின் முனையில் வரும் உளைச்சல்தான் வழக்கமான காரணம். விளையாட்டைக் கொஞ்சம் குறைத்து, ஷூவில் மெத்தை வைத்தால் தானாகவே சரியாகும்.

மாத்திரை, ஊசி

வலி மிஞ்சிய சில நாட்களுக்கு பாராசிட்டமால், அல்லது மேலே தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல் போதும். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளை மருந்துக் கடையில் கேட்டு வாங்கி வாரக்கணக்கில் போடும் பழக்கம் ஆபத்தானது. சிறுநீரகப் பிரச்சினை, வயிற்றுப் புண், ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது.

பெரும்பாலோருக்கு இந்த வலி அறுவை சிகிச்சை இல்லாமலே போய்விடும், ஆனால் வாரங்களில் அல்ல, மாதங்களில். சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். ஆறேழு வாரம் பயிற்சி, செருப்பு இரண்டையும் ஒழுங்காகச் செய்தும் முன்னேற்றமே இல்லையென்றால் எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள். டேப் ஒட்டிப் பாதத்தைத் தாங்குவது, வலிக்கிற இடத்தில் அதிர்வலைகளைச் செலுத்தும் ஷாக்வேவ் சிகிச்சை என்று அவர்களிடம் இன்னும் வழிகள் உண்டு.

ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று சொன்னால், அது என்ன தரும் என்பதைத் தெரிந்துகொண்டு சம்மதியுங்கள். சில வாரங்களுக்கு நல்ல நிவாரணம் கிடைக்கும், அதற்குமேல் உத்தரவாதம் இல்லை. திரும்பத் திரும்பப் போட்டால் குதிகால் கொழுப்பு மெலியலாம், பட்டையே கிழியலாம். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாட்கள் ரத்தச் சர்க்கரை ஏறும், வீட்டில் அளந்து பாருங்கள். வலி மறைந்த தைரியத்தில் மறுநாளே ஓடவோ குதிக்கவோ வேண்டாம். எத்தனை நாள் காலுக்கு ஓய்வு வேண்டும், படிப்பயிற்சியை எப்போது மறுபடி தொடங்கலாம் என்பதை ஊசி போடுமுன் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.